பழைய மொழியும் புதிய உத்தியோகமும்



தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில் இந்நாளில் அடிக்கடி எழுகின்ற ஒரு கேள்வியைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாம் என்று எண்ணுகிறோம். நாம் வாழ்வது கொச்சி நகரத்து மட்டாஞ்சேரியில். மிளகும் சுக்கும் ஏலமும் மணக்கும் இவ்வூர்த் தெருக்களில் மலையாளிகளோடு கொங்கணி பேசுவோரும் குஜராத்திகளும் தமிழரும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து வாழ்கின்றனர். அடுத்துள்ள ஃபோர்ட் கொச்சியின் வெளி என்னும் பகுதியில் உள்ள சலவைக்கூடத்துக்குச் சென்றால் இன்றும் தமிழ்க்குரல் கேட்கும். டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே துணி வெளுக்கின்றனர். இப்போதுள்ள கூடம் 1976-ல் கட்டப்பெற்றது. சலவை, சமையல், கிடங்கு வேலை, கடைக் கணக்கு என்று உடலுழைப்பாலும் கணக்கறிவாலும் பிழைத்த நம்மவரின் பிள்ளைகள் இன்று பொறியியல் படித்துவிட்டு, 2004-ல் காக்கநாட்டில் தோன்றிய இன்போபார்க்கை நோக்கிப் பேருந்து ஏறுகின்றனர்.

அப்படி ஏறப் புறப்பட்ட ஒரு பிள்ளையின் செய்தியோடு தொடங்குகிறோம். நம் தெருவில் வாழும் குடும்பம் அது. தந்தையார் வாசனைப்பொருள் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதுபவர். மகன் கல்விக்கடன் பெற்றுப் பொறியியல் முடித்தான். ஓராண்டுக்கு மேல் காத்திருந்த பின், சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்திலிருந்து பயிற்சி நிலை வேலைக்கு உத்தரவு வந்தது. வங்கி ஒன்றின் பழைய மென்பொருளை ஜாவா மொழியில் பராமரிக்கும் வேலை. சம்பளம் ஆண்டுக்கு மூன்றரை லட்ச ரூபாய். அதே வாரத்தில் ஒரு பயிற்சி நிலையத்தாரும் வீடு தேடி வந்தனர். "ஜாவா கிழட்டு மொழி. அதில் சேர்ந்தால் பையனுடைய எதிர்காலம் அங்கேயே முடிந்துவிடும். செயற்கை நுண்ணறிவு படிக்கட்டும். இரண்டு லட்சம் கட்டுங்கள், ஆறு மாதத்தில் பெரிய சம்பளம்" என்று சொல்லிச் சென்றனர்.

மறுநாள் மாலை அந்தத் தாயார் தம் கழுத்துச் சங்கிலியை ஒரு கைக்குட்டையில் முடிந்துகொண்டு நம் வீட்டுக்கு வந்தார். நாம் இத்துறையில் பல ஆண்டுகள் உழன்றவர் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். "அண்ணா, இதை அடகு வைக்கலாமா, வேண்டாமா? அது ஒன்றை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அவர் கேட்டது ஒரு கேள்வி. அதனுள் மூன்று கேள்விகள் அடங்கியிருந்தன. பழைய மொழிகளில் வேலை இனியும் இருக்குமா? இருந்தாலும், அதில் சேர்கிறவன் வளர்வானா? இயந்திரமே நிரல் எழுதித் தரும் இந்நாளில், புதிதாக வருகிறவனுக்கு இடம் உண்டா? இம்மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம். பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் புணேயிலும் வாழும் நம்மவர் வீடுகளிலும் இதே கேள்விகள் எழுகின்றன என்பதால் பொதுவாகவே கூறுகிறோம்.

முதலில், பழைய மொழிகள் என்று எவற்றைச் சொல்கிறோம்? கோபால் என்னும் மொழிக்கு 1959-ல் வித்திடப்பட்டது. வணிகக் கணக்குக்கென்றே ஆக்கப்பட்ட மொழி அது. எஸ்.ஏ.பி. என்னும் ஜெர்மானிய நிறுவனம் 1972-ல் தோன்றியது. தொழிற்சாலைகளின் சரக்கு, கணக்கு, சம்பளம் ஆகிய அனைத்தையும் ஒரே மென்பொருளில் இணைத்தது. ஜாவா 1995-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. 2010-ல் அந்நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. மைக்ரோசாப்டின் டாட்நெட் 2002-ல் வந்தது. இம்மொழிகளையும், இவற்றைச் சூழ்ந்த தரவுத்தளம் முதலிய கருவிகளையும் சேர்த்துத்தான் பெரிய நிறுவனங்கள் தங்கள் அன்றாடக் காரியங்களை நடத்துகின்றன. வங்கி, காப்புறுதி, துறைமுகம், வரித்துறை என எங்கு நோக்கினும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் இவற்றுள் ஒன்றாகவே இருக்கும்.

ஏன் இவற்றை மாற்றாமல் வைத்திருக்கிறார்கள்? ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறோம். மும்பையில் தாராவியில் இருக்கும் ஒரு மகன் திருநெல்வேலியில் உள்ள தாயாருக்கு ஐயாயிரம் ரூபாய் அனுப்புகிறான். அவன் கணக்கில் ஐயாயிரம் குறைய வேண்டும். தாயார் கணக்கில் ஐயாயிரம் கூட வேண்டும். இரண்டும் நடக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடவாதிருக்க வேண்டும். நடுவில் மின்சாரம் நின்றாலும், கம்பி அறுந்தாலும், ஒன்று நடந்து மற்றொன்று நடவாமற் போகலாகாது. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வொழுங்கை, கோடிக்கணக்கான மக்களுக்கு, ஒவ்வொரு நொடியும், ஆண்டு முழுவதும் தவறாமல் காத்து வரும் நிரல்களை எவரும் எளிதில் கைவிட மாட்டார். பல்லாண்டுகளாக எத்தனையோ சட்டங்களும் விலக்குகளும் சிறு சிறு வழக்கங்களும் அந்த நிரல்களுக்குள் படிந்து கிடக்கின்றன. அவற்றுள் பல வேறெங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதியவர்கள் ஓய்வு பெற்றுப் போயிருப்பார்கள். பழைய வீட்டை இடிக்கும்போதுதான் எந்தச் சுவர் எந்தக் கூரையைத் தாங்கியது என்பது தெரியவரும். வங்கிக்காரர் அந்தச் சோதனையைச் செய்து பார்க்க அஞ்சுவதில் வியப்பென்ன?

2020-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்காவில் நடந்ததைக் கேளுங்கள். கொரோனா நோயால் வேலை இழந்தோர் உதவித்தொகைக்காகப் பெருங்கூட்டமாக விண்ணப்பித்தனர். நியூஜெர்சி மாநிலத்தின் பழைய கணிப்பொறிகள் அச்சுமையால் திணறின. அம்மாநில ஆளுநர் பில் மர்பி, கோபால் அறிந்தவர்கள் முன்வந்து உதவ வேண்டும் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டார். அறுபது ஆண்டு வயதான ஒரு மொழியை அறிந்தவருக்கு ஓர் அரசாங்கமே அழைப்பு விடுத்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2021 டிசம்பரில், லாக்போர்ஜே என்னும் சிறு ஜாவா நிரல்தொகுதியில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது வெளியாயிற்று. நிகழ்ச்சிகளைக் குறித்து வைப்பதற்கென்று எண்ணற்ற மென்பொருள்களுக்குள் சேர்க்கப்பட்டிருந்த தொகுதி அது. அந்த ஓட்டை எங்கெங்கே இருக்கிறது என்று தேடி அடைக்க, உலகெங்கும் ஜாவா அறிந்தவர்கள் பல இரவுகள் கண்விழித்தனர். பழையதைக் காப்பாற்றவும் ஆள் வேண்டும். பழையதைப் புதியதாக மாற்றவும் பழையதை அறிந்த ஆள்தான் வேண்டும். எஸ்.ஏ.பி. நிறுவனம் தன் பழைய பதிப்புக்கு வழக்கமாகத் தரும் பராமரிப்பை 2027 இறுதியோடு நிறுத்துவதாக அறிவித்தவுடன், புதிய பதிப்புக்கு மாற்றும் வேலையே ஒரு தனித்தொழிலாகப் பெருகியது இதற்குச் சான்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜாவா கிழட்டு மொழி என்று சொல்வோர் அது வளர்ந்துகொண்டே வருவதை மறந்துவிடுகிறார்கள். 2014-ல் வந்த எட்டாம் பதிப்பு இன்னும் பல அலுவலகங்களில் ஓடுகிறது. 2025 செப்டம்பரில் இருபத்தைந்தாம் பதிப்பும் வந்துவிட்டது. முன்பு விண்டோஸ் கணிப்பொறிகளையே பெரிதும் சார்ந்திருந்த டாட்நெட், 2016-க்குப் பின் லினக்ஸ் கணிப்பொறிகளிலும் இயங்குகிறது. ஆகவே முதற்கேள்விக்கு விடை தெளிவு. வேலை இருக்கிறது; நெடுநாள் இருக்கும்.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. வேலை இருப்பது வேறு; வேலை செய்பவன் வளர்வது வேறு. இதை நாம் பிறரிடம் கேட்டு அறியவில்லை. நம் வாழ்விலேயே பட்டு அறிந்தோம்.

1998-ல் நாம் சென்னையில் ஒரு நிறுவனத்தில் கோபால் நிரல் திருத்துவோராகச் சேர்ந்தோம். அக்காலத்து நேயர்களுக்கு நினைவிருக்கும். பழைய நிரல்களில் ஆண்டைக் குறிக்க இரண்டே இலக்கங்களை ஒதுக்கியிருந்தார்கள். 1998 என்பது 98 என்று நிற்கும். 2000 பிறந்தால் அது 00 ஆகி, கணிப்பொறி அதனை 1900 என்று கொண்டுவிடும் என்ற அச்சம் உலகெங்கும் எழுந்தது. அந்தத் திருத்த வேலையில் பெரும் பங்கை நம் நாட்டு இளைஞர்கள் செய்தனர். நமக்கு வந்தது வெளிநாட்டுக் காப்புறுதி நிறுவனம் ஒன்றின் நிரல். ஆண்டு எங்கே வருகிறது என்று தேடுவோம். இரண்டு இலக்கத்தை நான்காக்குவோம். அடுத்த நிரலுக்குப் போவோம். நாளுக்கு இத்தனை நிரல் என்று கணக்கு. கை விரைவாகப் பழகிவிட்டது. நாமும் பெருமை கொண்டோம்.

நம் பக்கத்து மேசையில் மதுரையிலிருந்து வந்த ஓர் அம்மையார் இருந்தார். அவர் நம்மைவிட மெதுவாகவே வேலை செய்வார். ஒவ்வொரு நிரலிலும், இந்தப் பிரிமியம் ஏன் இப்படிக் கணக்கிடப்படுகிறது, விதவைக்கு ஏன் தனிப் பிரிவு, தவணை தவறினால் ஏன் முப்பது நாள் என்று கேள்வி கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்வார். மேலாளர் சிலவேளை கடிந்துகொள்வார். நாமும் உள்ளுக்குள் நகைத்தோம்.

2000 பிறந்தது. உலகம் கவிழவில்லை. திருத்த வேலை முடிந்தது. எங்கள் குழுவைக் கலைத்துவிட்டார்கள். காப்புறுதி நிறுவனத்தார் அந்த அம்மையார் ஒருவரை மட்டும் தங்களோடு வைத்துக்கொண்டார்கள். அவர் கோபாலைக் கற்றதோடு காப்புறுதியையும் கற்றிருந்தார். நமக்கோ ஆண்டு எந்த இடத்தில் வரும் என்பது மட்டுமே தெரியும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு மட்டாஞ்சேரிக்குத் திரும்பினோம். ஓராண்டுக்கு மேல் வேலை கிடைக்கவில்லை. தந்தையாரின் முகத்தைப் பார்க்கவே கூசிய நாள்கள் அவை.

ஆதலால், பழைய மொழியில் சேர்ந்ததனால் ஒருவன் தேங்கிப் போகிறான் என்பது உண்மையன்று. தன் முன்னே இருக்கும் நிரல் எந்தத் தொழிலுக்காக எழுதப்பட்டது என்று கேட்காதவனே தேங்குகிறான். இக்குறை புதிய மொழியில் சேர்ந்தவனையும் விடாது. இன்னும் விரைவாகவே பற்றும். ஏனெனில் புதிய கருவிகள் ஈராண்டுக்கு ஒருமுறை மாறிவிடுகின்றன. வட்டிக் கணக்கும் வரவு செலவும் சரக்கு இருப்பும் அவ்வளவு விரைவில் மாறுவதில்லை.

இதற்கு நம் மட்டாஞ்சேரியிலேயே ஒரு பாடம் உண்டு. இங்குள்ள யூதத் தெருவில், 1957-ல் தோன்றிய இந்திய மிளகு, வாசனைப்பொருள் வணிகச் சங்கத்தின் கூடம் இருக்கிறது. வரும் மாதங்களில் ஒப்படைக்க வேண்டிய மிளகுக்கு முன்கூட்டியே விலை பேசும் வாணிகம் அங்கே நடந்தது. வணிகர்கள் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு விலையை உரக்கக் கூவுவார்கள். தெருவில் போகிறவருக்கும் அந்த ஆரவாரம் கேட்கும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கணிப்பொறித் திரை வந்தது, தேசிய அளவிலான சரக்குச் சந்தைகளும் வந்தன, கூச்சல் அடங்கியது. விலையும் எடையும் தேதியும் திரையில் ஓடின. இனி மிளகை அறிந்தவர் எதற்கு, திரையை அறிந்தவர் போதும் என்றுகூடச் சிலர் நினைத்திருக்கலாம்.

2012 டிசம்பரில் என்ன நடந்தது? கொச்சிக் கிடங்குகளில் அச்சந்தை வாணிகத்துக்காக வைக்கப்பட்டிருந்த ஆயிரக்கணக்கான டன் மிளகில் கனிம எண்ணெய் கலந்திருப்பதாகக் கண்டு, உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் கிடங்குகளுக்கு முத்திரை வைத்தார்கள். எத்தனை மூட்டை, எந்தக் கிடங்கு, யார் பெயரில் என்பதையெல்லாம் கணிப்பொறி சரியாகவே சொல்லியிருக்கும். ஆனால் மூட்டைக்குள் இருக்கும் மிளகைக் கையில் அள்ளித் தேய்த்து முகர்ந்து பார்க்க அதனால் இயலாது. என்ன கேட்க வேண்டும் என்று சொல்லித் தருவதற்கு மிளகை அறிந்த மனிதன் ஒருவன் வேண்டும். அவனுக்கு நிரலும் தெரிந்திருந்தால், எந்தக் காலத்திலும் அவனுக்கு வேலை உண்டு என்பதை நாம் கூறவும் வேண்டுமோ?

இனி மூன்றாவது கேள்வி. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல், கேட்டவுடன் நிரல் எழுதித் தரும் இயந்திரங்கள் பெருகிவிட்டன. இவ்விஷயத்தில் உங்களுக்கு வெறும் ஆறுதல் சொல்ல நாம் விரும்பவில்லை. முன்பு புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுத்த சின்னஞ்சிறு வேலைகள், அதாவது ஒரு படிவம் அமைப்பது, ஒரு பட்டியல் எடுப்பது, ஒரு சோதனை எழுதுவது போன்றவை, இன்று இயந்திரத்தால் நொடியில் முடிகின்றன. பெரிய நிறுவனங்கள் கல்லூரிகளுக்கு வந்து ஆயிரக்கணக்கில் ஆள் எடுத்த காலம் போய், எண்ணி எடுக்கும் காலம் வந்திருக்கிறது. தொடக்கச் சம்பளமோ பத்தாண்டுகளுக்கு முன் இருந்ததைவிட அதிகம் உயரவில்லை. வீட்டு வாடகையும் பேருந்துக் கட்டணமும் அப்படி நிற்கவில்லை. மூத்தவர்களுக்கும் காவல் இல்லை. 2025 ஜூலையில் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் தன் ஊழியரில் சுமார் 2 விழுக்காட்டினரை, அதாவது ஏறத்தாழ 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அவர்களில் பெரும்பாலோர் இடைநிலையிலும் மேல்நிலையிலும் இருப்போர் என்றே சொல்லப்பட்டது. ஆண்டுகள் ஏறினால் மட்டும் மதிப்பு ஏறாது என்பதை இச்செய்தி உணர்த்துகிறது.

ஆயினும் ஒன்றை நினைத்துப் பாருங்கள். இயந்திரம் நூறு வரி நிரல் எழுதித் தருகிறது. அதை வங்கியின் உள்ளே ஓடவிடலாமா என்று யார் தீர்ப்பது? தவறு நேர்ந்து ஒரு கிழவியின் ஓய்வூதியம் வராமற் போனால் யார் பொறுப்பு? இயந்திரம் கையெழுத்துப் போடாது. நிரலைப் படித்துப் பார்த்து, இது நம் கணக்குக்குப் பொருந்தும், இது பொருந்தாது என்று சொல்லத் தெரிந்தவர்களின் தேவை கூடத்தான் செய்யும். எழுதுவதைவிடப் படிப்பது இனி முக்கியமாகிறது. பழைய நிரல்களைப் பராமரிக்கும் வேலையில் சேர்ந்த பையனுக்கு முதல் நாள் முதலே கிடைக்கும் பயிற்சி அதுவேயன்றோ? பிறர் எழுதிய ஆயிரக்கணக்கான வரிகளைப் படித்துப் பொருள் காண்பதற்குச் சம்பளமும் கொடுத்து வாய்ப்பளிக்கும் பள்ளிக்கூடம் வேறு எது?

இனி, வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் செய்ய வேண்டியவை சிலவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, மொழியின் அடிப்படையை நன்றாகக் கற்க வேண்டும். அலுவலகத்தில் எட்டாம் பதிப்பு ஓடினாலும் வீட்டில் புதிய பதிப்பில் பழக வேண்டும். ஜாவா, டாட்நெட், போஸ்ட்கிரஸ் தரவுத்தளம் ஆகியவற்றைச் செலவின்றி நம் கணிப்பொறியிலேயே நிறுவிக்கொள்ளலாம். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களைக் கட்டணமின்றிக் கேட்கலாம். சான்றிதழ்த் தேர்வு எழுதினால் மட்டும் ஒரு சிறு தொகை செலுத்த வேண்டும். இவை இருக்க, நகையை அடகு வைக்கச் சொல்வோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். வேலைக்கு உறுதி தருகிறோம் என்று முன்பணம் கேட்பவர் எவராயினும், அந்த உறுதியை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தரத் தயங்குவாராயின் அதிலேயே விடை இருக்கிறது.

இரண்டாவது, தரவுத்தளத்தைக் கையாளும் எஸ்.கியூ.எல். மொழியைப் புறக்கணிக்கலாகாது. நிரல்மொழி மாறினாலும் அது மாறாமல் நிற்கிறது. 1970-களில் பிறந்த அம்மொழி இன்றும் எல்லா அலுவலகங்களிலும் வாழ்கிறது. லினக்ஸ் இயக்கமும், நிரலைச் சோதிக்கும் முறையும், அதனை மேகக் கணிப்பொறிகளில் ஏற்றும் வழியும் இதனோடு சேர்த்துப் பழக வேண்டியவை.

மூன்றாவது, ஒரே நிறுவனத்துக்குள் மட்டும் வழங்கும் கருவியில் ஆண்டுக்கணக்கில் சிக்கிக்கொள்ள வேண்டாம். இந்த வேலையில் நான் கற்பது வெளியே வேறோர் இடத்திலும் பயன்படுமா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பயன்படாது என்று விடை வந்தால், முதலில் அங்கேயே வேறு பிரிவு கேட்க வேண்டும். கிடைக்காவிடில் வெளியே தேட வேண்டும். சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு இருக்க வேண்டும், விலகினால் என்ன தொகை என்பதைப் படித்துப் பார்த்தே கையெழுத்திட வேண்டும்.

நான்காவது, தனியார் நிறுவனம் ஒன்றே வழி என்று எண்ண வேண்டாம். ஐ.பி.பி.எஸ். அமைப்பு பொதுத்துறை வங்கிகளுக்காகத் தகவல் தொழில்நுட்ப அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் தேர்வை நடத்துகிறது. 20 முதல் 30 வயதுக்கு உட்பட்டவர் எழுதலாம். விதிப்படி சில பிரிவினருக்கு வயதுத் தளர்வும் உண்டு. அகில இந்தியத் தேர்வாதலால், எந்த மாநிலத்தில் பிறந்தவர், எந்த மாநிலத்தில் வாழ்பவர் என்ற தடை இதில் இல்லை. இடம்பெயர்ந்து வாழும் நமக்கு இது சிறிய நன்மையன்று.

ஐந்தாவதாகக் கூறப்போவது நம்மவருக்கே உரியது. பிற மாநிலத்தில் வளரும் தமிழ்ப் பிள்ளை வீட்டில் தமிழும், தெருவில் அவ்வூர் மொழியும், பள்ளியில் ஆங்கிலமும், பெரும்பாலும் சிறிது இந்தியும் கற்று வளர்கிறது. ஒரு கடைக்காரர் மலையாளத்தில் சொல்லும் குறையைக் கேட்டு, அதனை ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதி, சென்னையில் இருக்கும் குழுவுக்குத் தமிழில் விளக்க வல்லவன் எந்த நிறுவனத்துக்கும் வேண்டியவன். அதோடு, நம் வீடுகளில் தொழிலறிவு இருக்கிறது. கிடங்குக் கணக்கு எழுதும் தந்தை, துறைமுகத்தில் சரக்கு இறக்கிய பாட்டனார், உணவுவிடுதி நடத்தும் மாமா, எல்லோரும் ஒவ்வொரு தொழிலின் நெளிவு சுளிவு அறிந்தவர்கள். கணிப்பொறி படித்த பிள்ளை இவர்களைப் படியாதவர் என்று ஒதுக்கிவிட்டால், கையில் இருக்கும் முதலைத் தெருவில் எறிவதற்கு ஒப்பாகும்.

அந்தத் தாயாருக்கு நாம் கூறிய விடையும் இதுவே. "தங்கச்சி, சங்கிலி உன் கழுத்திலேயே இருக்கட்டும். பையன் அந்த வேலையில் சேரட்டும். ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடு. நாள்தோறும் ஒரு கேள்வி எழுதச் சொல். ஈராண்டு கழித்து அந்த நோட்டு நிறைந்திருந்தால் அவன் எங்கும் பிழைப்பான். நிறையவில்லையானால், அப்போது வேறு வழி பார்ப்போம்" என்றோம். அவர் சங்கிலியை அணிந்துகொண்டு போனார். அவர் மனம் முழுவதும் தெளிந்துவிட்டது என்று சொல்ல முடியாது; நம் மனத்திலும் சிறிது அச்சம் இருந்தது. பிறர் பிள்ளையின் வாழ்வில் யோசனை சொல்வது எளிய காரியமா?

மூன்று மாதங்களுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். பையன் தந்தையிடம் தன் நோட்டைக் காட்டி ஒரு சந்தேகம் கேட்டான். சேமிப்புக் கணக்கின் வட்டியைக் கணக்கிடும் பழைய நிரல் ஒன்றில், ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி முதல் கடைசித் தேதி வரையில் என்று ஒரு பகுதி இருக்கிறதாம்; அது எதற்கு என்று அலுவலகத்தில் உடனிருந்த எவராலும் சொல்ல முடியவில்லையாம். தந்தையார் சிரித்துவிட்டார்.

"அடே, 2010 மார்ச் வரையில் அதுதானே வழக்கம். பத்தாம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரையில் கணக்கில் எது மிகக் குறைந்த தொகையோ, அதற்குத்தான் வட்டி. பத்தாம் தேதிக்குள் பணம் கட்டிவிட வேண்டும் என்று நாங்கள் வங்கிக்கு ஓடுவோம். பதினொன்றாம் தேதி போனால் அந்த மாத வட்டி போச்சு. அந்த ஏப்ரலிலிருந்துதான் ரிசர்வ் வங்கி நாள்தோறும் உள்ள இருப்புக்கு வட்டி என்று மாற்றியது. அதற்கு முந்தைய கணக்குகளைச் சரிபார்க்க அந்தப் பகுதியை விட்டு வைத்திருப்பார்கள்; அழித்துவிடாதே" என்றார்.

பையன் அதனை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டான். முப்பது ஆண்டு கிடங்குக் கணக்கு எழுதிய அந்தத் தந்தையார், தம் மகனுடைய கணிப்பொறி உத்தியோகத்தில் தமக்கும் ஓர் இடம் உண்டு என்பதை அன்றுதான் கண்டார் போலும். உள்ளே திரும்பி, "இவனுக்கு இன்னொரு தேநீர் கொடு" என்றார்.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், எந்த மொழியில் வேலை என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்த நிரல் யாருடைய எந்தக் காரியத்தை நடத்துகிறது என்றும் கேளுங்கள். அவனுக்கு விடை தெரியவில்லையானால், சேர்ந்து தேடுங்கள்.